எலியின் சிறுநீரகமும் என்னுடையதும்

என் வீட்டுக்காரிக்கு,

நலமா? கால் வீக்கம் வற்றியதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் தம்பி ஊதிப் பெருக்கிச் சொன்னதை நம்பாதே.

சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும்போது கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு படுக்கை விரிப்பு கருகியது, அவ்வளவுதான். இடுப்புவலி மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று நீயும் உன் தம்பியும்தானே பயமுறுத்தினீர்கள்? மருந்தால் வரும் அந்தக் கேட்டை மெலடோனின் தடுக்கிறது என்று நானே தேடிப் படித்தேன். அது தூக்க மாத்திரைதான். ஆனால் காவல்காரன் திருடன் கூடவே போனால்தானே பிடிக்க முடியும்? அதனால் காலையில் இரண்டையும் சேர்த்தே விழுங்கினேன்.

விரிப்பு கருகியதும் மேஸ்திரி என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா என்மேல் பாய்ந்தாள். "பெரியவரே, நீங்க படிச்ச மெலடோனின் ஆராய்ச்சி எலிக்குப் பார்த்தது. மனுஷனுக்கு இன்னும் உறுதியாகலை. உங்க கிட்னி இப்பவே பாதி போச்சு. முதல்ல வலி மாத்திரையை நிறுத்துங்க."

"எலி நாள் முழுக்க நின்னு துணி தேய்க்குதாம்மா?" என்று மடக்கினேன்.

"அது தானா மருந்து திங்கலை ஐயா, கூண்டுல அடைச்சு ஊட்டினாங்க. உங்களை யாரு அடைச்சு வச்சிருக்கா?"

வாயாடி.

எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். அலமாரியில் என் இடுப்புப் பட்டை இருக்கும், அதை உடனே அனுப்பு. மாத்திரை இல்லாமல் நிற்பதற்கு அது வேண்டும். உன் தம்பியிடம் மட்டும் சொல்லாதே, ஜெயித்துவிட்டதாகக் குதிப்பான். மேஸ்திரி கத்துகிறான், போகிறேன்.

உன் கணவன்