லாரி விளையாட்டுக்குப் பேசிய பேரம்

அத்தா,

இன்று காலை கணினி விளையாட்டு விற்கிற தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கோடைகாலத் தள்ளுபடி தொடங்கிவிட்டதாம். வெளியே ஆனி மாதத்துச் சாரல் ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்கிறது. கொடியில் கிடந்த துணியை அம்மா மூன்றாவது முறையாக உள்ளே அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நான் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எந்த ஊரிலோ அடிக்கும் வெயிலைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். பட்டியலில் முதலில் நின்றது உங்கள் லாரி விளையாட்டு. முக்கால்வாசி விலையைக் குறைத்திருக்கிறார்கள். "இப்பத்தான் வழிக்கு வந்திருக்கான்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அலுவலக வேலை ஓடவில்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் நமக்குள் தகராறு வந்ததே ஒரு சொல்லால்தான். சீசன் என்ற சொல். கூடலூரில் குமுளி போகிற சாலையோரம் முப்பது வருடம் நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும் ஏலக்காயும் விற்றவர் நீங்கள். கார்த்திகை பிறந்து, மலைக்குப் போகிற சாமிமார் வண்டி வண்டியாக வந்து இறங்கினால் அது சீசன். சீசனில் சிப்ஸ் விலை ஏறும், டீ விலை ஏறும், அறை வாடகை ஏறும். ஏறுவதற்குப் பெயர்தான் சீசன். அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு நாள் மத்தியானம், விளையாட்டுகளுக்கு சீசன் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தீர்கள்.

"சீசன்ல எவனாச்சும் வெலயக் கொறப்பானா? சரக்கு கெட்டிருக்கும். பாத்து வாங்கு."

"இது கெட்டுப்போகாதுத்தா. கம்ப்யூட்டர்ல எறங்குற விளையாட்டு. எத்தன வருசமானாலும் அப்படியே இருக்கும்."

"கெட்டுப்போகாத சரக்க எதுக்குக் கொறச்சு விக்கணும்? வச்சிருந்து நிதானமா வித்துட்டுப் போறான்."

பொருளாதாரம் பற்றி என் அலமாரியில் இருந்த தடித்த புத்தகங்களில் இதற்கு விடை தேடினேன். இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிக்க எழுதியவர்களுக்கு நாற்பது பக்கம் தேவைப்பட்டது. நீங்கள் கேள்வியை இரண்டு வாய் சோற்றுக்கு நடுவில் கேட்டுவிட்டு ரசம் ஊற்றச் சொல்லிவிட்டீர்கள்.

இன்னொரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாங்கி வைத்திருந்த விளையாட்டுகளை வரிசையாகப் பார்த்தீர்கள். இருநூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு தள்ளுபடியிலும் நாலைந்தாகச் சேர்ந்தவை.

"இதுல எத்தன ஓடுச்சு?"

"ஓடுச்சுன்னா?"

"நீ எடுத்து வெளயாண்டது."

யோசித்துப் பார்த்து, "பதினொண்ணு" என்றேன்.

திவாலான கடையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தீர்கள். பிறகு மிகவும் மரியாதையாக, "அடுத்த லோடு எப்பம்மா எறக்குற?" என்று கேட்டீர்கள்.

அடுப்படியிலிருந்து அம்மாதான் எனக்காகப் பேசினாள். "அவள ஏன் சொல்றீக? ஒங்க கடை பரண்ல பழைய பிளாஸ்டிக் டப்பா எத்தன கெடக்கு? அதுல எத்தன ஓடுச்சு?"

உண்மையில் அப்போதே எனக்குத் தள்ளுபடி சலித்துவிட்டது. நான் வாங்கத் தொடங்கிய காலத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை விலை மாறும். எது எப்போது குறையும் என்று தெரியாது. கல்லூரிப் பேருந்தில் பாளையம் தாண்டும்போது ஒரு விலை, வீட்டுக்கு வந்து சேரும்போது வேறொரு விலை. இப்போது எல்லாம் நாள்காட்டியில் குறித்தது போல வருகிறது. அதே விளையாட்டு, அதே குறைப்பு, போன தடவை எவ்வளவோ இந்தத் தடவையும் அவ்வளவே. விளையாடுகிறவர்கள் கூடிப் பேசுகிற தளங்களில் எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொண்டே வாங்குகிறார்கள். நானும் தாகமில்லாமல் தண்ணீர் குடிப்பது போல வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் சித்திரையில் உங்கள் இடது கை மரத்துப்போனது. லேசான வாதம்தான், பேச்சும் நடையும் பத்து நாளில் திரும்பிவிட்டன, கை மட்டும் திரும்பவில்லை. தேனியில் டாக்டர் இனி ஜீப்பைத் தொடக் கூடாது என்றார். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவரிடமே பேரம் பேசினீர்கள். "கியர் எந்தக் கையில போடுவீங்க?" என்று அவர் கேட்டதும் பேரம் முறிந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை எல்லா வளைவிலும் ஜீப்பை ஏற்றி இறக்கியவர், வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். கடையை வேலையாட்கள் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த நாட்களில்தான் என் திரையில் ஒரு விளையாட்டின் விளம்பரக் காணொளி ஓடியது. மலைப்பாதை, மழை, கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர், முக்கி முனகி ஏறும் லாரி. என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டீர்கள்.

"இதுல கியர் எந்தக் கையில?"

"பட்டன்தான்த்தா. எந்தக் கைக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம்."

"வலது கைக்கு?"

"எல்லாத்தையுமே வலது கைக்கு மாத்தலாம்."

நீங்கள் விலையைக் கேட்டீர்கள். சொன்னேன். "கேட்டுப் பாரு" என்றீர்கள்.

"யார்கிட்டத்தா கேக்குறது? இது கடை இல்ல."

"விக்கிறான்ல? அப்பக் கல்லாவுல ஒருத்தன் இருப்பான்."

வாடிக்கையாளர் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். விளையாட்டாகத்தான் திறந்தேன். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினீர்கள், நான் ஆங்கிலத்தில் தட்டினேன். "நாங்க கம்பம். கூடலூர்ல எங்களுக்கும் கடை இருக்கு. நாங்களும் யாவாரிதான். யாவாரிக்கு யாவாரி பாத்து வெல போட்டுக் குடுங்க. பாதிக்குக் குடுத்தா இப்பவே எடுத்துக்கிறோம்." வியாபாரிக்கு வியாபாரி என்பதை ஆங்கிலத்தில் எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

அடுத்த நிமிடமே இயந்திரம் பதில் அனுப்பியது. உங்கள் கோரிக்கை கிடைத்தது, பொறுமைக்கு நன்றி.

"பாத்தியா? 'ஒக்காருங்க பாய்'னு சொல்லிட்டான்."

நாலு நாள் கழித்து மனிதர் ஒருவரே எழுதினார். விலையை மாற்றித் தர வழியில்லை, அடுத்த தள்ளுபடி வரை காத்திருக்கலாம் என்று. மொழிபெயர்த்துச் சொன்னேன். உங்களுக்கு ஏமாற்றமே இல்லை. "சீசனுக்கு வாங்கன்றான். சரி."

ஆனியில் கோடைத் தள்ளுபடி வந்தது. நாற்பது விழுக்காடு குறைந்தது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்களுக்குக் குறைந்த அந்த விலையை, நீங்கள் கேட்டதால் குறைத்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நானும் மறுக்கவில்லை. வாங்கிவிடலாமா என்றேன்.

"அம்பது கேட்டோம், நாப்பதுக்கு வந்திருக்கான். அம்பது மதி. ஆனா அது வரைக்கும் வரட்டும்." போதும் என்பதற்கு மதி என்பீர்கள், குமுளி ஏலக்காய்க்காரர்களோடு பேசிப் பேசி வந்த பழக்கம். "நம்ம எந்திரிக்கணும். எந்திரிச்சு நாலு எட்டு வச்சாத்தான் கூப்புடுவான்."

"இங்கன உக்காந்துக்கிட்டு எப்படித்தா எந்திரிக்கிறது?"

யோசித்தீர்கள். நான் அந்த விளையாட்டை விருப்பப் பட்டியலில் வைத்திருந்தேன். "அதுலருந்து எடு" என்றீர்கள். எடுத்தேன். இரண்டு நாளில் ஒரு விளம்பர அஞ்சல் வந்தது. நீங்கள் பார்த்தவை இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன என்று. வழக்கமாக எல்லோருக்கும் வருவது. அதை உங்களுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு.

"கூப்டுட்டான்" என்று அம்மாவிடம் சொல்ல எழுந்து போனீர்கள். திரும்பி வந்து, "கூப்ட ஒடனே திரும்பக் கூடாது" என்றீர்கள். திரும்பாமல் இருந்ததில் தள்ளுபடி முடிந்து, விலை பழையபடி ஏறிக்கொண்டது.

புரட்டாசியில் மறுபடியும் தேனிக்குப் போனோம். பரிசோதனைகள் முடிந்து நீங்கள் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் என்னையும் அம்மாவையும் வெளியே கூப்பிட்டார். அடுத்து ஒன்று வந்தால் உடம்பு தாங்காது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். அடுத்த பெரிய தள்ளுபடி மார்கழியில். திரும்பி வரும் பேருந்தில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் உங்கள் இடது தோள் லேசாக அசைவதைப் பார்த்தேன். சின்னமனூர் வருவதற்குள் செல்போனில் அந்த விளையாட்டை முழு விலைக்கு வாங்கிவிட்டேன்.

வாங்குவது சுலபமாக இருந்தது. முதலில் சொன்ன விலைக்கு வாங்கினேன் என்று தெரிந்தால் நீங்கள் அதைத் தொட மாட்டீர்கள். ஆகவே மறுநாள் காலை, பாதிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"சீசன் இல்லாதப்ப எப்படிக் குடுத்தான்?"

"மறுபடி எழுதிக் கேட்டேன்த்தா."

"மொதல்ல என்ன சொன்னான்?"

"முப்பதுன்னான்."

"நீ?"

"அம்பதுன்னேன். நாப்பதுக்கு வந்தான். வேணாம்னு மூடிட்டேன்."

"எந்திரிச்சியா?"

"எந்திரிச்சு மாடிக்கே போயிட்டேன். வந்து பாத்தா, சரி எடுத்துக்கங்கன்னு எழுதியிருக்கான்."

அவ்வளவு கோர்வையாக ஒரு பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை. நீங்கள் அம்மாவைக் கூப்பிட்டீர்கள். "ஒம்மகளுக்கு யாவாரம் வந்துருச்சு" என்றீர்கள். நான் பட்டம் வாங்கிய அன்றுகூட உங்கள் குரல் அப்படி இருந்ததில்லை.

பத்தொன்பது நாள் ஓட்டினீர்கள். விளையாட்டில் வருகிற ஊரில் வண்டி சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். நீங்கள் இடப்பக்கம்தான் போனீர்கள், எதிரே வந்தவர்களெல்லாம் மோதினார்கள், தப்பு அவர்கள் மேல் என்றீர்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தீர்கள். "ஹாரன் இல்லாம வளைவுல வர்றான் பாரு, எங்க லைசென்ஸ் வாங்குனானோ." குமுளி மலையில் எப்போதும் வாந்தி எடுக்கும் அம்மா, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, "மெல்லத்தான் போங்களேன், என்ன அவசரம் ஒங்களுக்கு" என்றாள். சில சமயம் ஏற்றத்தில் லாரியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, ஒன்றுமே செய்யாமல் அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வலது கை பட்டன்களின் மேல் இருந்தது. இடது கை மடியில் இருந்தது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவில்லை.

பிறகு ஐப்பசி. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

மார்கழியில் அந்த விளையாட்டு சரியாகப் பாதி விலைக்கு வந்தது. திரையை மூடிவிட்டேன்.

நாற்பதாம் நாள் உங்களுக்காக ஓதிய ஃபாத்திஹாவுக்கு, கூடலூரில் நம் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற அண்ணன் வந்திருந்தார். நீங்கள் விளையாடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு தடவை உங்களைப் பார்க்க வந்தாராம். நான் மாடியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேனாம்.

"பாய் எங்கிட்ட இந்த வெளயாட்டு பேரச் சொல்லி, போன்ல என்ன வெல போட்டிருக்குன்னு பாக்கச் சொன்னாக பாப்பா. பாத்தேன். முழு வெலதான் பாய் போட்டிருக்கு, ஒரு பைசா கொறயலன்னேன்."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாக. 'அப்ப நமக்கு மட்டும் கொறச்சிருக்கான்'னாக. 'வெளிய சொல்லிறாதப்பா, எல்லாப் பயலும் போய்க் கேப்பான், பாவம்'னாக."

அந்தச் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்பு என்று அவரிடம் நான்கு விதமாகக் கேட்டுவிட்டேன். "எப்பயும் போலத்தான்" என்கிறார். நீங்கள் நம்பினீர்களா, அல்லது பொய்யென்று தெரிந்தே அதைப் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டீர்களா என்று தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் புரிந்தது. தள்ளுபடி இப்போதெல்லாம் யாருக்கும் நிறைவு தருவதில்லை என்று எழுதுகிறவர்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தானாக இறங்கும் விலையில் நமக்கென்று யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை, முகம் சுளிக்கவும் ஆள் இல்லை. என் கணினியில் இருக்கும் இருநூறு விளையாட்டுகளும் அப்படி வந்தவை. ஒன்றே ஒன்றுதான் பேசி வாங்கியது. பேசிய இரண்டு பக்கமும் நானேதான் என்றாலும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா துணிகளை மடித்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் அந்த முக்கால் தள்ளுபடியைப் பார்த்தாள்.

"நெசமாவே அன்னிக்குப் பாதிக்குத்தான் குடுத்தானா?"

"பாதிதாம்மா."

அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடைக்கு வர்றவுககிட்ட 'ஒங்களுக்காக லாபமே இல்லாம அசல் வெலக்கே தர்றேன்'னு சொல்லுறப்ப, ஒங்கத்தா மொகம் இப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு அடுத்த துணியை எடுத்தாள்.