கார்டு எங்கம்மா?

தாத்தா,

இன்று காலை ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டில் புதிதாக ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். சின்னதாக ஒரு கண்ணாடித் திரை. முன்னால் போய் நின்றால் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது. நான் பழக்கதோஷத்தில் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையைத் துழாவிக்கொண்டிருந்தேன். "அக்கா, இனிமே கார்டெல்லாம் வேணாக்கா. மூஞ்ச காட்னா போதும்" என்றான் செக்யூரிட்டித் தம்பி. எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்படித்தான் கண் கலங்கியதோ, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நீ இருந்திருந்தால் அந்த மெஷினை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். "மூஞ்சி ஏமாத்தும், கார்டு ஏமாத்தாது" என்பதுதானே உன் வேதம்.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவன், வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்காராமல், இந்தக் கம்பெனி கேட்டில் காவலுக்குச் சேர்ந்தாய். எல்லையில் பனிக்குள் நின்ற கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாய். ஒருநாள் உன் சொந்த அதிகாரியே ரோந்து போய்த் திரும்பி வந்தபோது, அன்றைய அடையாளச் சொல்லை அவர் சொல்லும்வரை குளிரிலேயே நிறுத்தி வைத்தாயாம். மறுநாள் அவர் கூப்பிட்டுத் தோளில் தட்டிக் கொடுத்தாராம். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் யார் அகப்பட்டாலும் இந்தக் கதைதான். சில பேர் உன்னைக் கண்டதும் அடுத்த தெருவுக்குள் நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அதிகாரி பட்ட பாட்டை நானும் படுவேன் என்று நினைக்கவில்லை.

டிப்ளமோ முடித்து, கார்களுக்கு ஒயர் கட்டும் அதே கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்த முதல் வாரம். தாத்தா கேட்டில் இருக்கும்போது நமக்கென்ன என்ற மிதப்பு எனக்கு. கார்டை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றேன். மடிப்புக் கலையாத சட்டையும், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் பூட்ஸுமாய் நின்றுகொண்டிருந்தாய்.

"கார்டு எங்கம்மா?"

"தாத்தா, வூட்ல மாட்டினு வந்துட்டேன்."

"இங்க தாத்தா யாரும் இல்ல. போயி எடுத்துனு வாங்க."

வாங்க! காலையில்தான் "இன்னாடி, இன்னும் கெளம்பலியா" என்று கேட்டிருந்தாய். பின்னால் நின்ற சங்கரன்கோவில்காரி, என் லைனில் வேலை செய்கிறவள், காதோரம் வந்து, "ஏட்டி, இவரு ஒங்க தாத்தாவா, இல்ல அடுத்த வீட்டுக்காரரா?" என்றாள். "செக்யூரிட்டி சார், ரொம்ப நன்றி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் முகத்தைக் காட்டிய விதத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அன்று சாயங்காலம் நான் உன்னோடு பேசவில்லை. நீயும் சமாதானம் சொல்லவில்லை. உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டாளத்து ஊசிநூலை எடுத்தாய். பழைய யூனிபார்ம் துணியை வெட்டி, என் சாப்பாட்டுப் பையின் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பாக்கெட் தைத்தாய், காக்கி நூலால். "சோத்த மறக்க மாட்ட இல்ல? அத்தோட இதுவும் வந்துரும்" என்று பையைக் கையில் கொடுத்தாய். மனுஷன் கோபப்படக்கூட விடமாட்டான் என்று அம்மாவிடம் முணுமுணுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் நான் கார்டை மறக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே நீ வேறு ஆள். வாலாஜாபாத் மாமா வந்து, "பொம்பளப் புள்ளய ஷிப்ட்டு வேலைக்கு அனுப்பினு கீறீங்களே, நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று ஆரம்பித்தபோது அப்பாவே தலையைக் குனிந்துகொண்டார். நீ டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "அந்த நாலு பேரும் தூங்கணும்னுதான் தம்பி நான் பனியில நின்னேன். தூங்கச் சொல்லு" என்றாய். மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இன்றைக்கு நான் லைன் லீடர். அன்று நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், யாருக்கோ வாழ்க்கைப்பட்டு அந்த ஒயர்களை எல்லாம் கனவில்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

போன வருஷம் உனக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு ஆட்கள். கடைசியில் நம் வீடே போய்விட்டது. கட்டிலில் படுத்தபடியே நீ கேட்டில் நின்றுகொண்டிருந்தாய். அறைக்குள் யார் வந்தாலும் கையை நீட்டி நிறுத்தினாய். கஞ்சி கொண்டுவந்த அம்மாவிடம், "யாரும்மா நீங்க? டூட்டியில வெளியாள் குடுக்கறத சாப்டக்கூடாது" என்று வாயை இறுக மூடிக்கொண்டாய். இத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்ட மருமகள் அவள். அடுப்படியில் போய் அழுதாள். மாத்திரையும் உள்ளே போகவில்லை. அன்றும் மறுநாளும் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. இப்படியே விட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கெஞ்சினார், அதட்டினார். பட்டாளத்துக்காரனை யார் அதட்ட முடியும்?

நான் ஷிப்ட் முடிந்து அப்படியே உன் அறைக்குள் வந்தேன். கழுத்தில் கார்டு தொங்கியது. நீ அதைப் பிடித்து இழுத்துப் படத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி படத்தைப் பார்த்தாய். "ம். உள்ள போங்கம்மா" என்றாய்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "சார், கேன்டீன்ல இருந்து உங்களுக்குக் கஞ்சி குடுத்து அனுப்பிச்சாங்க" என்றேன். வாயைத் திறந்தாய். அப்பாடா! கதவோரம் நின்ற அம்மா, வல்லக்கோட்டை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் கார்டு இல்லாமல் உன் அறைக்குள் யாரும் போனதில்லை. கம்பெனி பஸ் ஓட்டுகிற அப்பாவுக்குக் கார்டு இருந்தது. அம்மா வாக்காளர் அட்டையைக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டாள். நீ அதை உற்றுப் பார்த்துவிட்டு, "போட்டோ சரியில்லியேம்மா" என்றாய். அந்தப் போட்டோவில் யார்தான் சரியாக இருந்திருக்கிறார்கள்! அழுதுகொண்டிருந்த வீடு அன்று வயிறு வலிக்கச் சிரித்தது. அதற்கும் உனக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

ஆனாலும் தாத்தா, நீ என்னை "வாங்க, போங்க" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது. உனக்கு நான் யாரோ ஒரு ஊழியர். ஒரே ஒரு தடவை "இன்னாடி" என்று கூப்பிடமாட்டாயா என்று ஏங்கிக்கொண்டேதான் கஞ்சி ஊட்டினேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். உள்ளே நீ இருமுவது கேட்டது. அடுப்பில் இருந்த கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு, தலையில் சுற்றிய துண்டோடு ஓடிவந்தேன். கட்டிலருகே வந்த பிறகுதான் கழுத்தில் கார்டு இல்லை என்பது தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எங்கடி போற?"

நின்றுவிட்டேன். "கார்டு எடுத்துனு வரேன் சார்."

"நம்ம வூட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்குக் கார்டு? ஈரத் தலையோட சுத்தினு கீற. குந்து. தொவட்டு."

குந்தினேன். துவட்டினேன். கஞ்சியை நீயே கையில் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தாய். குடித்து முடிக்கும்போது நான் மறுபடி யாரோவாகிவிட்டேன். பரவாயில்லை. அந்த ஒரு டம்ளர் கஞ்சி நேரம் எனக்குப் போதும். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

இனி கேட்டில் கார்டு தேவையில்லை என்கிறார்கள். என் பை கிழிந்து, அடிப்பக்கத்தை இரண்டாம் முறை தைத்தாயிற்று. காக்கி நூலால் நீ தைத்த பாக்கெட் மட்டும் அப்படியே கெட்டியாக இருக்கிறது. கார்டை அதற்குள்ளேயேதான் வைத்திருக்கிறேன். என்றைக்கோ ஒருநாள் நானும் அங்கே வருவேன். நீ அங்கேயும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாய், கேட்டில்தான் நிற்பாய். என் முகத்தைப் பார்த்தாலே உள்ளே விடுவாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கார்டோடுதான் வருவேன் தாத்தா. முதல் வாரம் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவனாயிற்றே நீ.