உள்ளே மாட்டிக்கிட்ட ஆள்

நம்ம சின்னவளோட அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன், அத முதல்ல எழுதிடுறேன். உன் இடுப்பு வலி தேவலையா? சின்னவ ஒழுங்கா சாப்பிடுறாளா?

எங்க கிடங்கு தீப்பிடிச்சிருச்சு. பயப்படாதே, நான் அப்போ யார்கிட்டயும் சொல்லாம பின்வாசல் வழியா டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா ஒரே புகை. எத்தனையோ வண்டி தண்ணி அடிச்சும் தீ அடங்கல, கூரை சரிய ஆரம்பிச்சிருச்சு. நானும் கூட்டத்தோட நின்னு குழாய் இழுத்தேன். மைக்குல ஒரு பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. யாரோ உள்ளே மாட்டிக்கிட்டானாம். எந்த வீட்டுப் பிள்ளையோன்னு பக்கத்துல நின்னவன்கிட்டப் புலம்பினேன். அவனைத் தேடி உள்ளே போன தீயணைப்புக்காரர் ஒருத்தர் கை வெந்து வெளிய வந்தார்.

அப்புறம்தான் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துட்டு, "டேய் நெட்டை, நீ இங்கயா நிக்கிற?"ன்னு கத்தினார். கூப்பிட்டது என் பேரைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தீயணைப்புக்காரர் கால்ல விழப் போனேன். "ஆள் முழுசா இருக்கியே, போய்யா"ன்னு சிரிக்கிறார். திட்டியிருந்தா தேவலாம். வேலை இருக்கா, போச்சான்னும் ஒண்ணும் புரியல. என் பேரே எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? இங்க எல்லாருக்கும் நான் நெட்டை. உனக்கு 'என்னங்க'.

கிடங்குலயே தங்கியிருந்ததால சட்டையெல்லாம் உள்ளேயே எரிஞ்சுபோச்சு, பழசு ரெண்டு அனுப்பு. தீப்புண்ணுக்கு ஏதாவது தைலமும் வை, அவருக்கு.

வெளிய 'நெட்டை'ன்னு கூப்பிடுறாங்க, போகணும். அடுத்த தடவை போன்ல வெக்கப்படாம ஒருதரம் என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நான் திரும்பிப் பாக்குறேனான்னு பாப்போம்.