மயில் லேபிள் ஒட்டிய சக்கரம்

இன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். மேஜைமேல் யாரோ லேபிள் கட்டு ஒன்றைப் பிரித்தார்கள். புது மையின் நெடி எழுந்தது. கேட்க வந்த கேள்வி மறந்து, உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எம். புதுப்பட்டி சாலையில் இருந்த கம்பெனியில் நீ கணினி பார்த்த காலம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விற்பனைக்கு ஒரு கணினி, வெடிமருந்து ஸ்டோருக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று. ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. மூன்றிலிருந்தும் தினமும் நகல் எடுத்து, ஒரே பொருளின் பல பெயர்களை இணைத்து, பழையதை அழிக்காமல் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்றாய். அதற்கு டேட்டா வேர்ஹவுஸ் என்று பெயர். பில் போட அது தேவையில்லை. பல வருடக் கணக்கை ஒன்றாக வைத்துக் கேள்வி கேட்கத்தான் அது.

நீ முதலாளியிடம் அதை விளக்கியபோது நானும் சீசன் செய்திக்காக அங்கே இருந்தேன்.

"வேர்ஹவுஸ்னா குடோன்தான? லைசென்ஸ் யாரு வாங்குறது?" என்றார்.

"இதுல மருந்து இல்ல அண்ணாச்சி. வெறும் தகவல்தான்."

"நம்ம தொழில்ல தள்ளித் தள்ளி வச்சாத்தான் உசுரு தப்பும். நீ என்னடான்னா எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டணுங்கிற."

சிரித்துக்கொண்டே அனுமதித்தார்.

அடுத்த சீசனில் மயில் சக்கரம் பற்றவைத்ததுமே வெடிக்கிறது என்று சில ஊர்களிலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு விற்பனையாளரும் தன் ஊரில் மட்டும் அப்படி என்று நினைத்திருந்தார். நீதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாய். விற்பனைக்காரர்கள் லேபிள் படத்தை வைத்து மயில் என்பார்கள். தொழிற்சாலையில் சின்னச் சக்கரம், பெரிய சக்கரம் என்பார்கள். மயில் என்றால் சின்னச் சக்கரம் என்று உன் கணினியில் முன்பே இணைத்திருந்தாய். அதை நம்பி, சின்னச் சக்கரம் ஏற்றிய லாரியை நிறுத்தச் சொன்னாய்.

கேட்டுக்கு வெளியே வெட்டவெளியில் சிலவற்றைப் பற்றவைத்தார்கள். எல்லாம் அழகாகச் சுற்றின.

"தம்பி, மயில இந்த வருசம் பெரிய சக்கரத்துக்குல்ல ஒட்டுறோம்" என்றார் போர்மேன். "அச்சடிச்ச லேபிள் மிச்சம் கெடந்துச்சு. வீணாக்க வேணாம்னு அண்ணாச்சிதான் சொன்னாக."

நீ உள்ளே ஓடினாய். திருத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாய். பெரிய சக்கரத்தில், ஒரு தடவை கலந்த மருந்தில் செய்தவை மட்டும் கடிதம் வந்த ஊர்களுக்கெல்லாம் போயிருந்தன.

"அண்ணாச்சி, பெரிய சக்கர லோட நிறுத்துங்க. இப்ப சரியா இருக்கு."

"காலையிலயும் சரியாத்தானடா இருந்துச்சு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு லோடும் போயின. உன் கணினியின் ஒயரையும் அன்றே பிடுங்கிவிட்டார்கள்.

தீபாவளி முடிந்து ஒரு கடிதம் வந்தது. மயில் சக்கரத்தில் ஒரு பெண்ணுக்கு உள்ளங்கை வெந்துபோயிருந்தது. நீ அதைத் திரும்பத் திரும்பப் படித்தாய்.

"ஒரு வரிலதான் தப்பு, மாப்ள. மயில்னா சின்னச் சக்கரம்னு போட்டேன். எப்பயிருந்து எப்ப வரைக்கும்னு போடல."

அதன்பிறகு விருதுநகர் பஜாரில் உன் அத்தாவின் பலசரக்குக் கடைக்குப் போய்விட்டாய். கணினிப் பேச்சை எடுத்தால் துவரம்பருப்பு விலை சொல்வாய். கடைசிவரை அப்படித்தான். நீ கண்டுபிடித்தது சரிதான் என்று அந்தக் கம்பெனியில் யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

இப்போதும் செய்திக்குத் தகவல் தந்தவர்கள் சிலர் மறுபடி போனில் கூப்பிடுவார்கள். "காலையில சொன்னது தப்பு சார்" என்று தயங்குவார்கள். அலுவலகத்தில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை.