ராஜமேரியின் கிணற்று நோட்டு

1970 ஜூலை 6

பொம்மிடி ரயில் ஸ்டேஷனில் பகல் டூட்டி. வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் மகள் ராஜமேரி கயிற்றோடு நிற்கிறாள். எட்டாம் வகுப்பு வாத்தியார் மாதேஸ்வரன் வருஷம் முழுக்கச் செய்யும் வேலை கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றைத் தினமும் கவனித்து, மார்ச் கடைசி வரை எழுத வேண்டும். இவள் நம் கிணற்றுத் தண்ணீர் மட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு, நுனியில் கல். கரையிலிருந்து நனையாத முடிச்சுகளை எண்ணுகிறாள். இன்று பதினாறு. கழுதைக்கு இந்தப் புத்தி அவள் அம்மாவிடமிருந்து வந்தது. அந்த மகராசி போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.

ஆகஸ்ட் 30

பதினாறு, பதினாறு, பதினாறு. "தெனமும் அதே நம்பருதாம்ப்பா. சலிப்பா இருக்குது" என்கிறாள். நானும் தினம் அதே பச்சைக் கொடியைத்தான் ஆட்டுகிறேன் என்றேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 14

மூன்று நாளாகப் பேய் மழை. கிணறு ஏறிக் கிடக்கிறது. நோட்டில் மூன்று நாளும் பதினாறு! கயிற்றைத் தொடாமலே எழுதியிருக்கிறாள். கத்திவிட்டேன். "அடிச்சிடு. பாக்காத நாளக் காலியா வுடு, பொய் மட்டும் எழுதாத. ஆரம்பிச்சதப் பாதியில வுடாத." அழுதுகொண்டே மூன்றையும் கோடு போட்டு அடித்தாள். பிறகு நானும் கூடப் போய்க் கயிறு பிடித்தேன். ஒன்பது.

1971 ஜனவரி 10

இப்போதெல்லாம் நான் எழுப்ப வேண்டியதில்லை. தண்ணீர் ஏன் குறைந்தது என்றுகூட எழுதுகிறாள் - "பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடியது." இந்தப் பள்ளியில் எட்டு வரைதான். ஒன்பதாவதுக்குத் தருமபுரிக்கு அனுப்புவீங்களாப்பா என்று கேட்டாள். நோட்டை முழுசா எழுது, அனுப்பறேன் என்றேன்.

பிப்ரவரி 3

ராஜமேரி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். அவள் தாய்மாமன் வந்து வாசலில் பச்சை ஓலைக் குடிசை கட்டிவிட்டுப் போனார். கிணற்றுப் பக்கமே வரக்கூடாது என்று அக்கா ராயம்மாள் சொல்லிவிட்டாள். அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். நானே அளந்து, ஓலைக்கு வெளியே நின்று "பன்னெண்டு" என்றேன்.

"கயிறு நேரா நின்னுச்சாப்பா?" என்று உள்ளேயிருந்து குரல்.

பிப்ரவரி 12

தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்தாயிற்று. நாளைக்குப் பள்ளி என்று பையை எடுத்து வைத்தாள். அக்கா அதைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். "வயசுக்கு வந்த புள்ள தண்டவாளத்தோரம் மூணு மைல் நடக்குமாடா சவரி? ஏதாச்சும் ஆனா வளத்த என்னத்தான் ஊரு கேக்கும்." பிள்ளை என்னையே பார்த்தாள். அவள் அம்மா இருந்திருந்தால் - ஏன், நான் இருந்தேனே! வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

பிப்ரவரி 13

அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 9

இன்னும் அளக்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் இல்லாதபோது நோட்டைப் பிரித்தேன். பிப்ரவரி 12-க்கு நேரே: "பதின்மூன்று. இன்றோடு பள்ளி இல்லை." நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 31

பத்தொன்பது. கடைசி வரியை எழுதி நோட்டை நீட்டினாள். "முழுசா எழுதிட்டேம்ப்பா." தருமபுரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பள்ளிக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நாப்பது புள்ளைங்கள்ல கடைசி வரைக்கும் எழுதுனது ராஜமேரி மட்டுந்தானுங்க." பிறகு பெயர் நீக்கும் பதிவேட்டைத் திறந்தார். "படிப்ப நிறுத்துன காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்னன்னு எழுதட்டும்?"

"ஒடம்பு சரியில்லீங்க" என்றேன்.

வாத்தியார் அப்படியே எழுதினார்.

வாத்தியார் என்ன சொன்னார் என்று வீட்டில் ராஜமேரி கேட்டாள். கட்டத்தில் எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன்.

"காலியா வுடச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

ஏப்ரல் 1

விடிந்ததும் நானே போய்க் கயிறு விட்டேன். அவள் எழுந்து வரவில்லை. பத்தொன்பது. அந்த நோட்டு பள்ளியில் இருக்கிறது. அதனால் என் டைரியில் எழுதி வைக்கிறேன்.