நான்காவது ‘ம்’

ஜூன் 3

என் மெக்கானிக்குக்கு,

நலம். அக்காவின் முழங்காலும் நலம்; நேற்று யாரையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறிவிட்டாள். பத்து நாளைக்கென்று அவளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நாற்பது நாளாகத் திரும்பவில்லையே, என்ன சங்கதி என்று போனில் நீங்கள் கேட்கவில்லை. “எப்ப வர்றே?” என்றீர்கள். “பார்க்கலாம்” என்றேன். “ம்” என்றீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தில் ‘ம்’ கொட்ட முடியாது பாருங்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிறு, ஞாபகம் இருக்கிறதா? வழக்கம்போலச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஜன்னலோரம் நாவலோடு. நீங்கள் அந்தக் கிழட்டு ஸ்பூல் டேப்ரிக்கார்டரின் குடலை உருவி மேஜையெல்லாம் பரப்பிக்கொண்டு. படகுத்துறை டிக்கெட் குமாஸ்தா போலீசிடம் சாட்சி சொல்லும் இடம், பக்கம் 112. படித்தேன். “ம்” என்றீர்கள். ஏதோ சந்தேகம் வந்து அதே பக்கத்தை இன்னொரு தரம் படித்தேன். “ம்.” மூன்றாம் தரமும் படித்தேன். “ம்… அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, ஞாயிற்றுக்கிழமைக் கதை என்றால் எனக்கு உயிர். தனியாகப் படித்தால் இரண்டே நாளில் முடித்துவிடுவேன். உங்களோடு சேர்ந்து படிக்கத்தான் ஆறு வாரம் இழுப்பது, கொலைகாரன் யாரென்று தெரியாமல் தவித்துக்கொண்டு. முப்பத்திரண்டு வருஷமும் நான் சுவருக்கா படித்தேன்?

“இங்கேயே இருந்துடேன்டி, எனக்கும் துணையாச்சு” என்கிறாள் அக்கா. இருந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அவளுக்குப் படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை. ஆனால் அதில் பொய் இல்லை.

இப்படிக்கு,
கட்டின பெண்டாட்டி என்றும் பாராமல் நீங்கள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறவள்


ஜூன் 9

அன்புள்ள சிஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. கைதானே வேலையாக இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது? எல்லாம் விழத்தான் செய்கிறது. நீயாக ஏதாவது நினைத்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல சேதி. ரிக்கார்டர் ஓடுகிறது! உள்ளே ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாய் ஒட்டிக்கொண்டிருந்தது. முழுக்கச் சுரண்டிவிட்டு, உன் வெந்நீர்ப் பையிலிருந்து ஒரு வளையம் நறுக்கிப் போட்டேன். கச்சிதம். வேகம் மட்டும் கொஞ்சம் கூட. பழைய டேப்பில் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பேசுகிறார்கள். அந்தப் பச்சை விளக்கு எரிந்தபோது நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் கண்ணாடி உறை இங்கே கிடக்கிறது. அனுப்பவா?

அன்புடன்,
மெக்கானிக்


ஜூன் 14

மெக்கானிக்குக்கு,

என் வெந்நீர்ப் பையையா வெட்டினீர்கள்!

எனக்கு நாலு வரி, மிச்சமெல்லாம் மெஷினுக்கு. மெஷினை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கண்ணாடி உறையை அனுப்பிவிடுங்கள். பீரோவில் இருக்கும் என் புடவைகளையும் கட்டி அனுப்புங்கள். இனி எதற்குப் போக்கும் வரத்தும்?

— நான்


ஜூலை 1

அன்புள்ள சிஸ்டருக்கு,

புடவைகளை அனுப்பவில்லை. கோபப்படாமல் இதை முழுக்கப் படி.

ரிக்கார்டரின் வேகத்தைச் சரிபார்க்க, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று வேண்டியிருந்தது. நீ படிப்பதை இன்னொரு சின்ன ஸ்பூல் ரிக்கார்டரில் பதிவு செய்து வைப்பது என் வழக்கம், உனக்குத் தெரியாது. கடைசி டேப்பை எடுத்துப் போட்டேன். உன் குரல் எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்றது. நீ நீயாகப் பேசும்வரை மூன்று பெல்ட் வெட்டினேன். (வெந்நீர்ப் பை முடிந்தது. மன்னித்துவிடு.)

மூன்றாவது பெல்ட்டில் நீ வந்தாய். பக்கம் 112. குமாஸ்தாவுக்கு மூக்கால் பேசுகிறாய், இன்ஸ்பெக்டருக்குத் தொண்டையிலிருந்து கட்டைக்குரல் எடுக்கிறாய். அத்தனை ஆசையாகப் படிக்கிறாய். நான் ‘ம்’ என்கிறேன். மறுபடி அதே பக்கம். மெதுவாக. ‘ம்.’ மூன்றாம் தடவை மூக்கும் இல்லை, தொண்டையும் இல்லை. உன் குரல் நடுங்குகிறது. அதற்குத்தான் நான் அவ்வளவு குஷியாக ‘அப்புறம்?’ என்கிறேன்.

பிறகு புத்தகம் மூடுகிற சத்தம். அதன்பின் இருபது நிமிஷம் என் ஸ்க்ரூடிரைவர் மட்டும். நீ எழுந்து போனதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சீ என்று ஆகிவிட்டது, சிஸ்டர். அழுதேன்.

இருக்கிற பதினோரு டேப்பையும் கேட்டேன். பழையவற்றில் நான் கேள்வி கேட்கிறேன். “அவன் ஏன் பொய் சொல்றான்?” என்கிறேன், “பொறுங்களேன்” என்று சிரிக்கிறாய். எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. விரலைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தையல் போட வந்த எனக்காக நீ புத்தகத்தைக் கவிழ்த்து வைத்த அன்று, வலியை மறக்க “என்ன கதை, சிஸ்டர்?” என்று கேட்டேனே, அந்த ஆள் எங்கே போனான்?

ஒன்று கேட்கவேண்டும். படகேற வந்தவன் கையில் ஈரக் குடை இருந்தது என்கிறான் குமாஸ்தா. ஆனால் இரண்டு பக்கம் முன்னால் பளீரென்று வெயில் என்று படித்தாயே. பின்னே குடை எப்படி நனைந்தது?

நாவல் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது, 112இல் நீ வைத்த நூல் அடையாளத்தோடு. நான் தொடவில்லை. நீ சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்,
மெக்கானிக்


ஜூலை 6

என் மெக்கானிக்குக்கு,

அட! மூன்று தடவை படித்த எனக்கு அந்தக் குடை தோன்றவில்லையே. உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் குறட்டை விடவில்லை. “நனைஞ்ச குடையா?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கும் விடை தெரியாது. ஆற்றில் விழுந்திருக்குமோ? குடையில் பட்ட ரத்தத்தைக் கழுவினானோ? இங்கே உட்கார்ந்துகொண்டு மண்டை காய்கிறது. புத்தகமோ உங்களிடம்.

ஞாயிற்றுக்கிழமை 112இலிருந்தே படிப்போம். மெஷினைத் துணி போட்டு மூடி வையுங்கள். சின்ன ரிக்கார்டரின் மைக் மட்டும் இருக்கட்டும். புது வெந்நீர்ப் பை ஒன்று, மெஷினுக்கு அல்ல, எனக்கு, வாங்கி வையுங்கள்.

பதில் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்கிறேன். “வரட்டுமா?” என்று கேட்பேன். நீங்கள் ‘ம்’ என்று சொன்னால் போதும்.

உங்கள்,
சிஸ்டர்