உங்களுக்காக நாங்கள் சொன்ன பதில்கள்

அன்புள்ள சுண்டுவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? கிரேனில் ஏறினால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இறங்க முடியாது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று போனில் சொன்னீர்கள். அது நல்லதில்லை. குடியுங்கள்.

தினமும் பேசும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் சுண்டு நடுவில் தலையை நீட்டுவாள். அது மட்டுமில்லை. பேச்சின் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கோபப்பட வேண்டிய விஷயமா என்றே இன்னும் தெரியவில்லை. எழுதினால் கொஞ்சம் தெளியும் என்று உட்கார்ந்தேன்.

சுண்டு கணக்கில் எப்படியோ கரையேறிவிட்டாள். வகுப்பில் வாய் ஓயவில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கப் புது மெஷின் வந்திருக்கிறது. பழையதுபோல் சத்தம் போடுவதில்லை. அதனால் பக்கத்து மேசைக்காரி நாள் முழுக்கப் பேசுகிறாள், நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்துப் பழக்கிய அந்த ஐந்து வாசல் கதைப் புத்தகங்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்து இன்டர்நெட்டில் ஒரு பரீட்சை வந்திருக்கிறதாம். பன்னிரண்டு கேள்வி. பதில் சொன்னால் நாம் எந்த வாசலைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடும். கல் வாசல்காரர்கள் காவல் இருப்பவர்கள், நீர் வாசல்காரர்கள் வளைந்து கொடுப்பவர்கள், தீ என்றால் சண்டை, காற்று என்றால் ஊர் ஊராய்ப் போவது. ஐந்தாவது நிழல் வாசல். அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாதாம். உங்களுக்குத் தெரியாததையா சொல்கிறேன்! மூன்று பாகம் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தானே விமானம் ஏறினீர்கள். மீதியை நீங்கள் அங்கே, அவள் இங்கே என்று படித்துப் போனில் பேசிக்கொள்கிறீர்கள். நான்தான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் கேட்பவள்.

சுண்டு என்னைப் பிடித்து உட்கார வைத்துப் பரீட்சை போட்டாள். கல் வாசல் என்று வந்தது. "கல்லா நானு?" என்று கேட்டேன். "கல்லுன்னா நல்லதும்மா. யாரு வந்தாலும் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும்" என்றாள். பாராட்டா, குத்தலா என்று புரியவில்லை. மறுநாள் கடையில் சாப்பிடும் நேரத்தில் திரும்பப் போட்டேன். நீர் வந்தது. சாயங்காலம் ஒரு வாடிக்கையாளரோடு வாக்குவாதம் முடிந்த கையோடு போட்டேன், தீ. பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். "நீங்க காலைல ஒரு ஆளு, சாயங்காலம் ஒரு ஆளு, அக்கா. அது மட்டும் என்ன பண்ணும், பாவம்!"

சனிக்கிழமை மத்தியானம் எனக்கே ஓர் ஆசை. அப்பாவுக்கும் போட்டுப் பார்ப்போம், பதிலை நாம் சொல்வோம் என்றேன். சுண்டு வேண்டாம் வேண்டாம் என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதினான்கு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள், எனக்குத் தெரியாத பதிலா என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

பயணத்துக்கு என்ன எடுத்துப் போவாய் என்ற கேள்விக்கு வரைபடம் என்றேன். "அப்பாவா? தலைகீழா புடிச்சிட்டு நிப்பாரு" என்று அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஒன்பதாவது கேள்வி வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. வெகுநாள் கழித்து ஊர் திரும்புகிறாய், உன் வீட்டு விளக்கு தூரத்தில் தெரிகிறது, என்ன செய்வாய்? ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல் வேறொன்றைத் தொட்டுவிட்டது. வந்த வழியே திரும்பிவிடுவேன் என்ற பதில் அது.

ஏன் என்று கேட்டேன். முதலில் சும்மா என்றாள். பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். "அப்பாவும் நானும் ஏற்கெனவே போட்டுட்டோம்மா. அப்ப அவரே இதத்தான் சொன்னாரு. போன லீவுக்கு டிக்கெட்லாம் எடுத்து, ஏர்போர்ட்டுக்கும் போயிட்டு, திரும்பி ரூமுக்கே போயிட்டாராம். வர முடியலன்னு உன்கிட்ட சொன்னது முழுப் பொய் இல்லம்மா, பாதிப் பொய்தான்" என்றாள். ஏனாம் என்றேன். "வீட்டுல எங்க உக்காரணும்னே தெரியலன்னு சொன்னாரு."

அவளைத் திட்டாதீர்கள். சொல்ல மாட்டேன் என்று உங்களிடம் சத்தியம் செய்தாளாம். பன்னிரண்டு வயதுக்கு அது பெரிய பாரம். எத்தனை நாளாகச் சுமந்தாளோ.

அன்றிலிருந்து, நீங்கள் கடைசியாக வந்திருந்த இருபது நாளையும் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். "இந்த டவல எடுத்துக்கலாமா?" என்று என்னைக் கேட்டீர்கள். அதை நான் கடையில் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன். சமையலறைக் குழாயை அரைநாள் மல்லுக்கட்டிச் சரிசெய்தீர்கள். மறுநாள் சொட்டியதும் உங்கள் எதிரிலேயே பிளம்பருக்குப் போன் போட்டேன். எங்கே உட்கார்ந்தாலும், அங்கே இல்லை, இப்படி வந்து உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உபசாரம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அது வீட்டுக்காரரிடம் சொல்லும் பேச்சா, விருந்தாளியிடம் சொல்லும் பேச்சா?

இதோடு நிறுத்தினால் குற்றம் முழுக்க ஒரு பக்கம் போய்விடும். என் பங்குப் பாதிப் பொய்யும் ஒன்று இருக்கிறது. போன லீவுக்கு வருகிறீர்கள் என்று அலமாரியில் இரண்டு தட்டு காலி செய்து வைத்திருந்தேன். வரவில்லை என்று நீங்கள் சொன்னதும் போனில் அழுதேன். உண்மையான அழுகைதான். ஆனால் போனை வைத்த கையோடு என் துணிகளைத் திரும்ப அந்தத் தட்டுகளில் அடுக்கிவிட்டேன். அடுக்கும்போது அழவில்லை. அப்போது மனதில் இருந்ததை நிம்மதி என்று சொல்ல வாய் வரவில்லை. வருத்தம் என்றால் அது பொய். என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் இத்தனை மாதம் உங்களிடம் சொல்லவில்லை.

நேற்று அந்த ஒன்பதாவது கேள்வியை மட்டும் தனியாகத் திறந்து வைத்துப் பார்த்தேன். தட்டலாம், நின்று பார்க்கலாம், திரும்பலாம், விடியட்டும் என்று இருக்கலாம். நாலு பதிலும் வெளியே நிற்பவருக்குத்தான். விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே இருப்பவளுக்கு அதில் ஒன்றுமில்லை. அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கலாம் என்று அந்தப் பரீட்சை எழுதியவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கடைசியில் உங்களுக்கு எந்த வாசல் வந்தது என்று சுண்டுவிடம் கேட்டேன். "அத அப்பாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அந்த வாசலெல்லாம் வேண்டாம். ஏர்போர்ட் வரை வந்து ஏன் திரும்பினீர்கள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொல்வது எனக்குப் பிடிக்காமல் போகலாம். நான் கத்தினாலும் கத்துவேன். பரவாயில்லை.

அடுத்த லீவு எப்போது என்று எனக்குத் தெரியும், வாருங்கள் என்று வற்புறுத்தவில்லை. வருவதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விமான நிலையத்தில் கால் தயங்கினால் அங்கிருந்தே போன் செய்யுங்கள். மகளுக்கு வேண்டாம், எனக்கு. என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் போனை எடுப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி